பொய் போய்ச் சேர்ந்ததா?

1909-இல் பிரிட்டிஷ் அரசு ரகசிய சேவைப் பணியகம் ஒன்றைத் தொடங்கியதில் ஒரு நாவலாசிரியருக்கும் பங்கு உண்டு. ஜெர்மானிய ஒற்றர்கள் முடிதிருத்துபவர்களாகவும் ஓட்டல் சிப்பந்திகளாகவும் இங்கிலாந்து முழுக்கப் பரவிக் கிடக்கிறார்கள் என்று வில்லியம் லெ கியூ எழுதித் தள்ளினார். அவருடைய படையெடுப்புக் கதை 1906-இல் 'டெய்லி மெயில்' நாளிதழில் தொடராக வந்து சக்கைப்போடு போட்டது. வாசகர்கள் தங்கள் தெருவில் குடியிருந்த ஜெர்மானியர்களைப் பற்றி அவருக்கே புகார் எழுதினார்கள். அந்தப் புகார்கள் அரசு நியமித்த குழுவின் மேசைவரை போயின, குழுவும் நம்பியது. ராணுவத்திலிருந்து வெர்னன் கெல், கடற்படையிலிருந்து மேன்ஸ்ஃபீல்ட் கம்மிங் என இரண்டே அதிகாரிகளோடு பணியகம் பிறந்தது. கம்மிங்கிற்குக் கடற்பயணம் ஒத்துக்கொள்ளாது என்பதால் கடற்படை அவரை முன்பே கரையில் இறக்கிவிட்டிருந்தது. உள்நாட்டில் அந்நிய ஒற்றர்களைப் பிடிக்கும் கெல்லின் பிரிவு பின்னாளில் எம்.ஐ.5 ஆயிற்று. வெளிநாடுகளில் ஒற்றறியும் கம்மிங்கின் பிரிவு எம்.ஐ.6 ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், 1914-இல் போர் மூண்டதும் பிடிபட்டவர்களில் ஒரு முடிதிருத்துபவர் உண்மையாகவே இருந்தார். லண்டன் காலிடோனியன் சாலையில் இருந்த அவருடைய கடை வழியாகத்தான் ஜெர்மன் உளவுத்துறையின் கடிதங்கள் பட்டுவாடா ஆகிக்கொண்டிருந்தன.

அன்று தொடங்கிப் பனிப்போர் வரைக்குமான கதையைப் பலரும் வீரதீரக் கதையாகவே சொல்லி வந்திருக்கிறார்கள்: பாராசூட், விஷ மாத்திரை, மையில் மறைந்த எழுத்து. கடந்த முப்பது ஆண்டுகளில் லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் திறக்கப்பட்ட கோப்புகளை வைத்துப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரிகிறது. எதிரியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அவன் அதை நம்பினானா என்று அவன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியிருந்த இடங்களில் பிரிட்டன் வென்றது. அந்த வழி இல்லாத இடங்களில் ஆட்கள் செத்தார்கள். போருக்குப் பிறகு அந்த வழி எதிராளியின் கைக்குப் போய்விட்டது.

முதல் உலகப்போரிலேயே இதன் சாயல் உண்டு. போர் தொடங்கிய மறுநாளே பிரிட்டன் ஜெர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளை அறுத்தது. அதன் பிறகு ஜெர்மனி தன் செய்திகளை அந்நியர் கம்பிகள் வழியே அனுப்ப வேண்டியிருந்தது. அவையோ பிரிட்டனைத் தொட்டுக்கொண்டு போயின. கடற்படை அலுவலகத்தின் '40-ஆம் எண் அறை'யில் உட்கார்ந்திருந்தவர்கள் அவற்றைப் பிரித்துப் படித்தார்கள். 1917 ஜனவரியில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் மெக்சிகோவுக்கு அனுப்பிய தந்தி சிக்கியது. அமெரிக்கா போரில் இறங்கினால் மெக்சிகோ எங்கள் பக்கம் சேரட்டும், டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். சிக்கல் எங்கே என்றால், அந்தத் தந்தி வந்தது அமெரிக்காவின் சொந்த ராஜதந்திரக் கம்பி வழியாக. நண்பனின் தபாலைப் பிரித்துப் படித்தோம் என்று நண்பனிடமே எப்படிச் சொல்வது? உளவுத் தலைவர் ரெஜினால்ட் ஹால் ஒரு வேலை செய்தார். மெக்சிகோ நகரத் தந்தி அலுவலகத்திலிருந்து அதன் நகலைத் தனியே எடுக்கவைத்து, திருட்டு அங்கேதான் நடந்தது என்று தோன்றும்படி செய்தார். மார்ச் மாதத் தொடக்கத்தில் சிம்மர்மனே தந்தி தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஏப்ரலில் அமெரிக்கா போருக்கு வந்தது. செய்தியைக் கைப்பற்றுவதைவிட, எப்படிக் கைப்பற்றினோம் என்பதை மறைப்பதுதான் பெரிய வேலை என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

அந்தப் பாடத்தை எம்.ஐ.6 இருபது ஆண்டுகளில் மறந்துபோனது போலத்தான் நடந்துகொண்டது. 1939 நவம்பர் 9-ஆம் தேதி, டச்சு - ஜெர்மன் எல்லையில் உள்ள வென்லோ ஊரில், ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்யும் ஜெர்மன் தளபதிகளைச் சந்திக்கிறோம் என்று நம்பி இரண்டு அதிகாரிகள் காரில் போய் இறங்கினார்கள். எதிரே நின்றவர்கள் நாஜி உளவுப் படையினர். பெஸ்ட், ஸ்டீவன்ஸ் இருவரையும் பட்டப்பகலில் எல்லைக்கு அப்பால் தூக்கிச் சென்றார்கள். கூட வந்த டச்சு அதிகாரி சுடப்பட்டு இறந்தார். பல வாரங்கள் நடந்த பேச்சில் எதிராளி யார் என்று சரிபார்க்க லண்டனிடம் எந்த உரைகல்லும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜெர்மனியின் முறை. 1940 இலையுதிர்காலத்தில் படையெடுப்புக்கு முன்னோட்டமாக அது அனுப்பிய ஒற்றர்கள் பரிதாபத்துக்குரியவர்கள். கென்ட் கடற்கரையில் கரையேறிய கார்ல் மையர், லிட் என்ற ஊரின் மதுக்கடைக்குக் காலை ஒன்பது மணிக்குப் போய் ஆப்பிள் மது கேட்டார். இங்கிலாந்தில் மதுக்கடைகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. கடைக்காரப் பெண்ணுக்குத் தெரியும். டிசம்பரில் மையர் தூக்கிலிடப்பட்டார்.

எல்லோரையும் தூக்கிலிடுவது வீண் என்று எம்.ஐ.5-க்குத் தோன்றியது. 1941-இல் அதன் தலைமைக்கு வந்த டேவிட் பெட்ரி, அதற்கு முன் டெல்லியில் உளவுப் பணியகத்தை நடத்தியவர். இந்தியாவில் காங்கிரஸ்காரர்களையும் புரட்சியாளர்களையும் கண்காணித்துப் பழகிய கோப்புப் பண்பாடு அவரோடு லண்டனுக்கு வந்தது. பிடிபட்டவர்கள் முதலில் லண்டன் புறநகரில் லாட்ச்மியர் ஹவுஸ் என்ற விசாரணை முகாமுக்குப் போனார்கள். அதை நடத்திய ராபின் ஸ்டீபன்ஸ் கண்ணில் ஒற்றைக் கண்ணாடி மாட்டியிருப்பார். வாயில் வசவு நிற்காது. ஆனால் கைதியை அடிக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். அடிபட்டவன் கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வானே தவிர உண்மையைச் சொல்லமாட்டான் என்பது அவர் கட்சி. இசைந்து வந்த ஒற்றர்களைப் பிரிட்டன் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு, அவர்கள் பெயரில் ஜெர்மனிக்குச் செய்தி அனுப்பியது. என்ன செய்தி அனுப்பலாம் என்று வாரந்தோறும் கூடி முடிவெடுக்க ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் ஜான் மாஸ்டர்மன் தலைமையில் 'இருபது குழு' 1941 ஜனவரியில் அமைந்தது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி பிளெட்ச்லி பார்க் என்ற சங்கேத உடைப்பு நிலையம். ஜெர்மன் உளவுத்துறையான அப்வேரின் கைச் சங்கேதத்தை ஆலிவர் ஸ்ட்ரேச்சியின் குழு 1940 டிசம்பரில் உடைத்தது. அதே துறையின் எனிக்மா இயந்திரச் சங்கேதத்தை டில்லி நாக்ஸ், மேவிஸ் லீவர், மார்கரெட் ராக் ஆகியோர் 1941 டிசம்பரில் உடைத்தார்கள். லண்டனிலிருந்து ஒரு பொய் மாட்ரிட்டில் இருந்த அப்வேர் நிலையத்துக்குப் போனால், மாட்ரிட் அதைப் பெர்லினுக்கு எப்படிச் சொல்கிறது, பெர்லின் அதற்கு என்ன மதிப்புப் போடுகிறது என்பதெல்லாம் சில நாட்களில் மாஸ்டர்மனின் மேசைக்கு வந்தன. பாதி நம்பியிருந்தால் மீதியை எப்படிச் சொருகலாம் என்று குழு யோசித்தது. நாட்டுக்குள் நுழைந்த ஜெர்மன் ஒற்றர் யாருமே தங்கள் கண்ணுக்குத் தப்பவில்லை என்ற துணிச்சலான முடிவுக்கு அவர்களால் வர முடிந்ததும் இதனால்தான்.

ஹுவான் புஜோல் கார்சியாவின் கதையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பார்சிலோனாக்காரர், கோழிப்பண்ணை வைத்து நட்டப்பட்டவர், ஹிட்லரைப் பிடிக்காதவர். மாட்ரிட் பிரிட்டிஷ் தூதரகத்தில் போய் உளவு வேலை கேட்டார், விரட்டினார்கள். நேரே ஜெர்மானியரிடம் போனார். எடுத்துக்கொண்டார்கள், லண்டனுக்குப் போகச் சொன்னார்கள். அவர் லிஸ்பனைத் தாண்டவில்லை. ஒரு சுற்றுலாக் கையேடு, ரயில் கால அட்டவணை, நூலகத்துப் பத்திரிகைகள் இவற்றை வைத்துக்கொண்டு 'லண்டனிலிருந்து' அறிக்கை எழுதினார். கிளாஸ்கோ ஆட்கள் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்வார்கள் என்று அதில் ஒரு வரி. விஸ்கி ஊரில் ஒயின்! பவுன், ஷில்லிங், பென்ஸ் கணக்கு அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை; செலவுக் கணக்கைக் கூட்டித்தர முடியாமல் ஏதேதோ சாக்குச் சொன்னார். ஜெர்மானியர்கள் எதையும் கவனிக்கவில்லை. லிவர்பூலிலிருந்து கிளம்பாத ஒரு கப்பல் வரிசையை ஜெர்மன் கடற்படை மும்முரமாகத் தேடுவதைப் பிளெட்ச்லி கேட்டபோதுதான், யாரோ ஒருவர் தங்களுக்காகச் சம்பளமில்லாமல் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று லண்டனுக்கு உறைத்தது. 1942 ஏப்ரலில் அவரை அழைத்துக்கொண்டார்கள். கார்போ என்று பெயர் வைத்தார்கள்.

அவரும் அவருடைய எம்.ஐ.5 துணைவர் டோமஸ் ஹாரிஸும் சேர்ந்து 27 துணை ஒற்றர்களைக் காகிதத்திலேயே பெற்றெடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஊர், தொழில், சபலம், சம்பளம். பிரைட்டனில் வசிக்கும் இந்தியக் கவிஞர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் உண்டு. அவருடைய காதலி கடற்படைப் பெண்கள் பிரிவில் சேர்ந்து, மவுண்ட்பேட்டனின் தலைமையகம் இருந்த இலங்கைக்கு மாற்றலாகிப் போனதாக எழுதினார்கள். பிறவாத அந்தப் பெண்ணின் 'கடிதங்கள்' வழியே ஆசியப் போர்க்களம் பற்றியும் பொய் போயிற்று. லிவர்பூலில் இருந்த கற்பனை ஒற்றர், வட ஆப்பிரிக்கப் படையெடுப்புக் கப்பல்களை அங்கே பார்த்திருக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தார். எனவே அவர் நோய்வாய்ப்பட்டு 'இறந்தார்'. உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் அறிவிப்பு வந்தது. ஜெர்மனி அவருடைய விதவைக்கு உதவித்தொகை கொடுத்தது.

1944 ஜூன் 6-ஆம் தேதி அதிகாலை, நார்மண்டியில் படை இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, தடுக்க நேரமில்லாத தருணம் பார்த்து, உண்மைச் செய்தியையே அனுப்ப கார்போ தயாராக இருந்தார். மாட்ரிட் வானொலிக்காரர் எழுந்து வந்து பதில் சொன்னது காலையில்தான். இப்படித் தூங்கினால் எப்படி வேலை செய்வது என்று கார்போ சினந்து எழுதினார். மதிப்பு இன்னும் ஏறியது. மூன்று நாள் கழித்து, நார்மண்டி வெறும் திசைதிருப்பல், பெரிய தாக்குதல் கலே நீரிணைப் பக்கம்தான் என்று நீண்ட செய்தி அனுப்பினார். அமெரிக்கத் தளபதி பேட்டன் தலைமையில் இருப்பதாகக் காட்டிய ஒரு கற்பனைப் பெரும்படை, காற்றடைத்த டாங்கிகள், போலி வானொலிப் பேச்சு எல்லாம் அதற்குச் சாட்சி சொல்லின. கலே பகுதியில் ஜெர்மன் டிவிஷன்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. அந்த ஆண்டே ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை கொடுத்தது, பிரிட்டன் எம்.பி.ஈ. விருது கொடுத்தது.

1943-இல் ஸ்பெயினின் உவெல்வா கடற்கரையில் 'மேஜர் மார்ட்டின்' என்ற பெயரில் ஒதுங்கிய பிணத்தின் கதையும் இதே வகைதான். வேல்ஸைச் சேர்ந்த க்ளிண்டூர் மைக்கேல் என்ற ஏழை எலி விஷத்தால் இறந்தவர். அவர் உடலோடு போலிக் கடிதங்களையும் காதலி படத்தையும் நாடக நுழைவுச்சீட்டையும் சேர்த்து மிதக்கவிட்டார்கள். கிரேக்கத்தில்தான் தாக்குதல் என்று ஜெர்மனி நம்பியதைப் பிளெட்ச்லி உறுதிசெய்தது. ஜூலையில் நேச நாடுகள் சிசிலியில் இறங்கின. திரைப்படங்கள் பிணத்தைக் காட்டும். உறுதிசெய்த தாளைக் காட்டுவதில்லை.

பிளெட்ச்லி பற்றிய புகழ் இப்போது ஆலன் டூரிங் என்ற ஒரு பெயரில் குவிந்திருக்கிறது. அவருடைய பங்கு பெரிது, ஐயமில்லை. ஆனால் எனிக்மாவை முதலில் உடைத்தவர்கள் மரியன் ரெயெவ்ஸ்கி உள்ளிட்ட போலந்துக் கணிதவியலாளர்கள். 1939 ஜூலையில், போருக்கு ஐந்து வாரம் முன்பு, வார்சா அருகே காட்டுக்குள் இருந்த தங்கள் நிலையத்தில் கையிருப்பு முழுவதையும் பிரிட்டிஷாரிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் கொடுத்தார்கள். 1942 அக்டோபரில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559 நீர்மூழ்கிக்குள் இறங்கிக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்துத் தந்த ஃபாசன், கிரேசியர் இருவரும் அதோடு சேர்ந்து மூழ்கிப்போனார்கள். உயிர்தப்பிய மூன்றாமவர் டாமி பிரவுன், பதினாறு வயது கேன்டீன் பையன். ஜெர்மன் உயர்தலைமையின் லோரென்ஸ் சங்கேதத்துக்காகக் கொலோசஸ் மின்னணுக் கணிப்பொறியை உருவாக்கிய டாமி ஃப்ளவர்ஸ் தபால்துறைப் பொறியாளர். போர் முடியும் தறுவாயில் அங்கே வேலை பார்த்த சுமார் 10,000 பேரில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். பிளெட்ச்லியில் பணியாற்றிப் பின்னாளில் அதிகாரபூர்வ வரலாறு எழுதிய ஹாரி ஹின்ஸ்லி, இந்த உழைப்பு போரை இரண்டு ஆண்டுகளாவது குறைத்திருக்கும் என்று கணித்தார். நடக்காததைக் கணக்கிடும் எந்தக் கணக்கையும் போல இதையும் கொஞ்சம் தள்ளி நின்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் ஒட்டுக் கேட்பதும் பிசகும். 1942-இல் சிங்கப்பூரிலிருந்து பின்வாங்கிக் கொழும்பு பெம்ப்ரோக் கல்லூரியில் கடைபோட்ட பிரிட்டிஷ் சங்கேத வல்லுநர்கள், ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி இலங்கையைத் தாக்கும் என்று சொன்னார்கள். அட்மிரல் சாமர்வில் கடலில் காத்திருந்தார். யாரும் வரவில்லை. தண்ணீரும் எரிபொருளும் தீரவே மாலத்தீவுகளின் தெற்கே அட்டு பவளத்தீவுக்குத் திரும்பினார். கார்ன்வால், டார்செட்ஷயர் கப்பல்களைக் கொழும்புக்கும் ஹெர்மிஸ் விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கும் அனுப்பினார். ஜப்பானியர் வந்தது ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. முதல் இரண்டு கப்பல்களும் அன்றே மூழ்கின. 9-ஆம் தேதி ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. செய்தி சரி, நாள் நாலு தப்பு.

இனி மறுபக்கம். 1940 ஜூலையில் சர்ச்சிலின் விருப்பப்படி எஸ்.ஓ.இ. என்ற சிறப்பு நடவடிக்கைப் பிரிவு உருவானது. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் நாசவேலை செய்வதும் கிளர்ச்சியைத் தூண்டுவதும் அதன் வேலை. அதற்கு வெற்றிகள் உண்டு: 1943 பிப்ரவரியில் நார்வேயின் வெமோர்க் கனநீர் ஆலையைத் தகர்த்தது அவற்றில் தலையாயது. ஆனால் தான் அனுப்பிய ஆள் இன்னும் தன் ஆள்தானா என்று சரிபார்க்க அதனிடம் இருந்தது ஒரே ஒரு ஏற்பாடு. வானொலி இயக்குபவர் ஒவ்வொரு செய்தியிலும் முன்கூட்டிப் பேசிவைத்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை விடவேண்டும். பிழை இல்லையென்றால் அவர் பிடிபட்டிருக்கிறார் என்று பொருள்.

எஸ்.ஓ.இ. ஹாலந்துக்கு அனுப்பிய வானொலி இயக்குநர் ஹூபர்ட் லாவர்ஸ் 1942 மார்ச் 6-ஆம் தேதி ஹேக் நகரில் பிடிபட்டார். ஜெர்மானியர் மிரட்டலில் செய்தி அனுப்பினார், பிழையை விடாமல். லண்டன் அதைச் சட்டை செய்யவில்லை. அடுத்த ஆளை எங்கே இறக்கலாம் என்று கேட்டுப் பதில் அனுப்பியது! ஜெர்மானிய அதிகாரி ஹெர்மன் கிஸ்கஸ் இடம் சொன்னார். இறங்கியவரை வயல்வெளியிலேயே வரவேற்றுப் பிடித்தார். இப்படி இரண்டு ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள், கூடவே ஆயுதம், பணம், வானொலிக் கருவிகள். எஸ்.ஓ.இ.யின் சங்கேதப் பிரிவை நடத்திய இளைஞர் லியோ மார்க்ஸ் ஒன்றைக் கவனித்தார்: மற்ற நாடுகளிலிருந்து வரும் செய்திகளில் அவசரத்திலும் பயத்திலும் பிழை மலியும், ஹாலந்துச் செய்திகள் மட்டும் பளிச்சென்று பிழையில்லாமல் வருகின்றன. ஜெர்மன் அலுவலகத்தில் நிதானமாக உட்கார்ந்து எழுதினால் அப்படித்தானே வரும்? மேலிடம் கேட்கவில்லை. 1943 ஆகஸ்டில் சிறையிலிருந்து தப்பிய டோர்லைன், உப்பிங்க் இருவரும் ஸ்விட்சர்லாந்து வந்து சேர்ந்து உண்மையைச் சொன்னார்கள். பின்னர் அவர்கள் லண்டனை அடைந்தபோது, ஜெர்மனி அனுப்பிய ஆட்கள் என்று சந்தேகித்து அவர்களையே சிறையில் வைத்தார்கள். 1944 ஏப்ரல் முதல் தேதி கிஸ்கஸ் சங்கேதம் இல்லாமல் ஒரு கேலிச் செய்தியை லண்டனுக்கு அனுப்பிக் கடையைச் சாத்தினார். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டு செப்டம்பரில் மவுத்தாவுசன் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள்.

பிரான்சிலும் இதே கதை நடந்தது. 1943 கோடையில் பாரிஸ் 'பிராஸ்பர்' வலைப்பின்னல் சிதறியபோது, பிடிபட்ட கில்பர்ட் நார்மனின் பெயரில் வந்த செய்தியில் உண்மையான அடையாளப் பிழை இல்லை. அதை மறந்துவிட்டாய், இனிக் கவனமாக இரு என்று லண்டன் பதில் அனுப்பியது. தன்னைப் பிடித்தவர்களிடம் அவர் மறைத்துவைத்திருந்த ஒரே ரகசியத்தைத் தலைமையகமே போட்டுடைத்தது. அந்த நகரத்தில் எஞ்சியிருந்த வானொலி இயக்குநர் நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வழிவந்தவர், சூஃபி ஆசானின் மகள், குழந்தைக் கதைகள் எழுதியவர். திரும்பி வா என்று லண்டன் சொன்னபோது மறுத்தார். நான்கு மாதங்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறி வீடு மாறி அனுப்பினார். அக்டோபரில் யாரோ காட்டிக்கொடுத்துப் பிடிபட்டார். அவர் பெயரில் ஜெர்மானியர் அனுப்பிய செய்திகளை நம்பி லண்டன் இறக்கிய ஆட்களும் நேரே சிறைக்குப் போனார்கள். 1944 செப்டம்பர் 13-ஆம் தேதி டாக்கவ் முகாமில் வேறு மூன்று பெண்களோடு நூர் சுட்டுக்கொல்லப்பட்டார். 1949-இல் ஜார்ஜ் சிலுவை விருது அளித்தார்கள். விருது அவருடைய வீரத்துக்கு. லண்டனின் அசட்டைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. காணாமல்போன 118 பேரைத் தேடிப் போருக்குப் பின் ஜெர்மனி முழுக்க அலைந்தவர் அந்தப் பிரிவின் வேரா அட்கின்ஸ். 1946-இல் எஸ்.ஓ.இ. கலைக்கப்பட்டது, அதன் கோப்புகளில் பெரும் பகுதி அழிந்தது.

எம்.ஐ.5 ஜெர்மானியரிடம் காட்டிய அதே வித்தையைத்தான் கிஸ்கஸ் பிரிட்டிஷாரிடம் காட்டினார். அது ஹாலந்தோடும் பிரான்சோடும் நிற்கவில்லை; அடுத்து அதைக் காட்டியது மாஸ்கோ.

1912 ஜனவரி முதல் தேதி அம்பாலாவில் பிறந்தவர் ஹெரால்ட் ஃபில்பி. அப்பா பஞ்சாபில் ஐ.சி.எஸ். அதிகாரி, கிப்ளிங்கின் நாவல் நாயகன் கிம்மின் பெயரே செல்லப்பெயராயிற்று. கேம்பிரிட்ஜில் படிக்கையில் பொதுவுடைமைப் பற்று. 1934-இல் சோவியத் உளவுக்குள் வந்தார். அவரோடு டொனால்ட் மக்லீன், கை பர்ஜஸ், ஆந்தனி பிளண்ட், ஜான் கெய்ர்ன்கிராஸ். போர்க்காலத்தில் பிளண்ட் எம்.ஐ.5-இல் இருந்தார், கெய்ர்ன்கிராஸ் பிளெட்ச்லியில் இருந்து கொண்டு ஜெர்மன் செய்திகளை மாஸ்கோவுக்குக் கொடுத்தார், ஃபில்பி எம்.ஐ.6-இல் ஸ்பெயின், போர்ச்சுகல் விவகாரங்களைப் பார்த்தார். நல்ல பள்ளி, நல்ல கல்லூரி, நல்ல கிளப். ஆளைத் தெரியும், அப்பாவைத் தெரியும் என்பதே அங்கே சோதனையாக இருந்தது. ஜெர்மன் ஒற்றர் ஒவ்வொருவரையும் சல்லடை போட்டுச் சலித்த நிறுவனம், தன் சொந்த ஆட்களைச் சலிக்க ஒரு சல்லடை வைத்திருக்கவில்லை.

இதில் மாஸ்கோவும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. இவ்வளவு நல்ல சரக்கு இவ்வளவு எளிதாக வருமா என்று அதற்குச் சந்தேகம். சோவியத் நாட்டில் பிரிட்டிஷ் ஒற்றர்களின் பெயர்களை இவர்கள் ஏன் தரவில்லை என்று கேட்டது. அப்படி யாரும் பெரிதாக இல்லை என்பதே உண்மை. 1943-இல் தன் ஐந்து மாணிக்கங்களையும் இரட்டை ஒற்றர்கள் என்று கருதி, அவர்களைப் பின்தொடர லண்டனுக்குத் தனிக் குழுவையே அனுப்பியது.

1944-இல் எம்.ஐ.6 சோவியத் உளவை எதிர்க்கத் தனிப்பிரிவு தொடங்கியது. அதன் தலைவர் ஃபில்பி. அடுத்த ஆண்டு இஸ்தான்புல் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்கு வோல்கோவ் என்ற சோவியத் அதிகாரி வந்து, லண்டனில் உயர்பதவிகளில் இருக்கும் சோவியத் ஆட்களின் பட்டியலைத் தருகிறேன், புகலிடம் கொடுங்கள் என்றார். தந்தியில் மட்டும் அனுப்பாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். கடிதம் ராஜதந்திரப் பையில் போய், விதிப்படி, ஃபில்பியின் மேசையில் விழுந்தது. மூன்று வாரம் கழித்து அவரே இஸ்தான்புல்லுக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் வோல்கோவை உடல் முழுக்கக் கட்டுப்போட்டு ஸ்ட்ரெச்சரில் வைத்து மாஸ்கோவுக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். 1949 முதல் அல்பேனியாவுக்குள் அனுப்பிய கிளர்ச்சியாளர்களும் வரிசையாகப் பிடிபட்டார்கள். அத்தனை தோல்விக்கும் ஃபில்பியே காரணம் என்பது மிகை, அங்கே முகாம்களிலேயே ஓட்டைகள் இருந்தன. 1951-இல் பர்ஜஸும் மக்லீனும் மாஸ்கோவுக்கு ஓடினார்கள். 1955-இல் வெளியுறவு அமைச்சர் மேக்மில்லன் நாடாளுமன்றத்தில் ஃபில்பிக்கு எதிராக ஆதாரமில்லை என்றார். 1963 ஜனவரியில் ஃபில்பி பெய்ரூட்டிலிருந்து மறைந்தார். பிளண்ட் 1964-இல் ரகசியமாக ஒப்புக்கொண்டும், அரண்மனை ஓவியங்களின் பொறுப்பாளராகத் தொடர்ந்தார். 1979-இல் தாட்சர் அவையில் சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

காலனிகளில் போரின் பின்விளைவு வேறு மாதிரி இருந்தது. மலாயாவில் ஜப்பானியருக்கு எதிராக எஸ்.ஓ.இ.யின் ஆசியக் கிளையான 136-ஆம் படை பொதுவுடைமைக் கெரில்லாக்களோடு கைகோத்தது. இரு தரப்புக்கும் இடையே பாலமாக இருந்த சின் பெங்குக்குப் பிரிட்டன் ஓ.பி.ஈ. விருது கொடுத்தது. 1948-இல் அதே சின் பெங் பிரிட்டிஷாரை எதிர்த்துக் காட்டுக்குள் போனார். 1955 டிசம்பரில் பாலிங்கில் பேச்சுவார்த்தைக்கு அவர் வெளியே வந்தபோது, அழைத்துவர அனுப்பப்பட்டவர் போர்க்காலத்தில் அவரோடு காட்டில் இருந்த அதிகாரி ஜான் டேவிஸ்.

டெல்லியில் 1947-இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் கிளம்பும் முன் உளவுக் கோப்புகளில் பெரும் பகுதியை அழித்தார்கள். உளவுப் பணியகத்தின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்ற டி.ஜி. சஞ்சீவி பிள்ளை சென்னை மாகாணக் காவல்துறையிலிருந்து வந்தவர். காலி அலமாரிகளோடு தொடங்க வேண்டியிருந்தது. ஆனாலும் எம்.ஐ.5-இன் தொடர்பு அதிகாரி ஒருவர் இந்திய அரசின் சம்மதத்தோடே டெல்லியில் அமர்ந்தார். அந்த ஏற்பாடு 1960-களிலும் நீடித்தது. அதே வேளையில் லண்டனில் இந்திய ஹைகமிஷனர் வி.கே. கிருஷ்ண மேனனை எம்.ஐ.5 கண்காணித்துக் கோப்பு வளர்த்தது. கை குலுக்கலும் வேவும் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

பிளெட்ச்லிக்காரர்கள் வாய் திறக்காமல் வாழ்ந்தார்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. டாமி ஃப்ளவர்ஸ் மேலிட உத்தரவுப்படி கொலோசஸ் வரைபடங்களைக் கொதிகலனில் போட்டு எரித்தார். பிறகு அதுபோன்ற கணிப்பொறி கட்டக் கடன் கேட்டபோது, ஏற்கெனவே கட்டியிருக்கிறேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. டூரிங் ஓரினச்சேர்க்கைக்காக 1952-இல் தண்டிக்கப்பட்டபோது, அவர் போரில் என்ன செய்தார் என்பது வெளியே யாருக்கும் தெரியாது; 1954-இல் இறந்தார், 2013-இல் அரச மன்னிப்பு வந்தது. 1974-இல் வின்டர்பாதம் என்ற முன்னாள் அதிகாரியின் நூல்தான் பிளெட்ச்லி ரகசியத்தை மக்களிடம் கொண்டுவந்தது. கூடவே ஒரு கட்டுக்கதையையும் கொண்டுவந்தது: ரகசியத்தைக் காப்பாற்ற சர்ச்சில் காவென்ட்ரி நகரை எரியவிட்டார் என்று. குறி காவென்ட்ரிதான் என்பது உரிய நேரத்தில் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். கதை மட்டும் இன்னும் சுற்றுகிறது.

2011-இல், கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் சித்திரவதைக்கு உள்ளான முதியவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின்போது, ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் 37 முன்னாள் காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் அரை நூற்றாண்டாக ஒளிந்திருந்தது வெளியே வந்தது. எரிக்கப்பட்டவை போக மிஞ்சியவை இவை. இரண்டு ஆண்டு கழித்து 5,228 கென்யர்களுக்காக 1.99 கோடி பவுன் கொடுக்க பிரிட்டன் இசைந்தது.

எம்.ஐ.5 தன் பழைய கோப்புகளை 1997 முதல் கியூவுக்கு அனுப்பிவருகிறது. கார்போவின் பொய்கள் அங்கே யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எம்.ஐ.6 தன் கோப்புகளை வெளியிடுவதில்லை. 2010-இல் கீத் ஜெஃப்ரி எழுதிய அதன் அதிகாரபூர்வ வரலாறு 1949-ஓடு நின்றுவிடுகிறது. ஈரானில் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்க்க எம்.ஐ.6 கைகொடுத்தது 1953-இல்.